உள்பக்கம் தாழிட்ட கதைகள்

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவைத் தவிர வேறெங்கும் அது நடமாடியதில்லை. வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். படம் எடுக்கிற வேலைக்காக மட்டும் வந்த பேர் இல்லை அது. ஆளைப் பார்க்கிற பார்வைக்காகவும் வந்தது.

மணிக்கட்டு வீங்கி ஒருவர் வருவார். "மாடிப்படியில வழுக்கிட்டேன்மா" என்பார். சும்மா விடமாட்டாள்.

"ஏறும்போதா, இறங்கும்போதா?"

"இறங்கும்போது."

"இறங்கும்போது வழுக்கினா முதுகுல இல்ல அடிபடணும்? கை மட்டும் எப்படி?"

அந்த மனிதர் பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்ப்பார். மனைவி கூரையைப் பார்ப்பாள். எக்ஸ்ரே அக்கா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "கையை ஆட்டாம வைங்க" என்று சொல்லி, ஈயத்தகடு பதித்த கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போவாள். அவளுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. எலும்பு எங்கே உடைந்திருக்கிறது என்று காட்டினால் போதும். யார் உடைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கேட்காமல் இருந்தால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பாள். சிரிக்காமல் போனால் எதை மறைக்கிறார் என்று யோசிப்பாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தால், இவ்வளவு கூட்டத்தில் அது மட்டும் ஏன் காலி என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளிடம் அவள் கேட்ட கேள்விகளைப் பற்றி உறவுக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருத்தர் பலகாரத்தைக்கூட முடிக்காமல் எழுந்து போனாராம். அதற்கப்புறம் அப்பாவும் மாப்பிள்ளை தேடுவதை விட்டுவிட்டார். அவளும் விட்டது தொல்லை என்று இருந்துவிட்டாள். வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். அம்மா அவள் பள்ளியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் நாவல். அதிலும் எல்லா நாவலும் இல்லை. பழைய காலத்துக் கதையாக இருக்க வேண்டும், அதில் ஒரு கொலை நடக்க வேண்டும், கொலை நடந்த அறை உள்பக்கம் தாழிட்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் புத்தகத்தைக் கையால் தொடமாட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அதை நடத்தியவர் வெயில் காலத்திலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். அதனால் மப்ளர்காரர் என்று பேர். அவள் படியேறும்போதே அவர் மேல் தட்டில் கை வைத்துவிடுவார்.

"வந்திருக்கு. கோட்டைத் தளபதி. கோபுரத்து உச்சி அறையில செத்துக் கிடக்கான். கதவு உள்ளே தாழ். ஜன்னல்ல இரும்புக் கம்பி. கீழே அகழி."

"எந்தக் காலம்?"

"தீவட்டிக் காலந்தான், பயப்படாதீங்க. ஏம்மா, நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். இந்தக் காலத்துக் கதையும் நல்லாத்தானே எழுதறாங்க? பூட்டின அறை அதுலயும் வருதே."

"இந்தக் காலத்துல என்ன இருக்கு? கேமராவைப் பாப்பான், போனை நோண்டுவான், ரேகையை எடுப்பான். மெஷின் சொல்லிடும். அந்தக் காலத்துல ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், சுத்தி நாலு பேர். அந்த நாலு பேரோட வாய்வார்த்தையை விட்டா வேற ஒண்ணும் கிடையாது. அதுல யார் பொய் சொல்றான்னு கண்டுபிடிக்கணும்."

"நீங்க மெஷின் வெச்சு வேலை பாக்கறவங்க, நீங்களே இப்படிச் சொல்றீங்களே" என்று மப்ளர்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இவர் எதற்கு இதை விசாரிக்கிறார் என்றுதான் யோசித்துக்கொண்டு போனாள்.

அவள் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எத்தனை பெரிய கோட்டையானாலும், எவ்வளவு கனமான கதவானாலும், கடைசி அத்தியாயத்தில் அது திறந்துவிடும். ராணியின் வைத்தியன் குளியலறையில் எப்படிச் செத்தான், கப்பல் தலைவன் தன் அறைக்குள் எப்படி மாயமானான் என்று யாரோ ஒருத்தர் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கிவிடுவார். அந்தப் பக்கங்களை அவள் இரண்டு தரம் படிப்பாள். படித்துவிட்டுப் புத்தகத்தை மார்பின்மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அண்ணன் செத்துப்போன அறை.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து பம்ப் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. ஒரு மழைக்காலத்துக் காலையில் அவனுக்கும் அண்ணிக்கும் பெரிய சண்டை. தனிக்குடித்தனம் போவதா வேண்டாமா என்பதுதான் விஷயம். அண்ணி ஒரு பையை எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இவளும் பரீட்சைக்குக் கிளம்பினாள். எக்ஸ்ரே படிப்பின் கடைசிப் பரீட்சை. நூல் மில்லில் ஷிப்ட் மேஸ்திரியாக இருந்த அப்பாவுக்கு அன்று விடுமுறை.

சாயங்காலம் இவள் திரும்பியபோது வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மூச்சு முட்டிச் செத்திருக்கிறான் என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். அவனுடைய வியாதி தெருவுக்கே தெரிந்ததால் யாரும் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. "உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான் பாவம், கதவை இடிச்சுத் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்று வந்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

இவள் அறைக்குள் போய்ப் பம்ப்பைத் தேடினாள். தலையணைக்குக் கீழே இல்லை. மேஜையில் இல்லை. சட்டைப்பையில் இல்லை. கடைசியில் சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

அந்த நிமிஷத்தில் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அது அப்புறம் படுக்கவே இல்லை. அண்ணி அழுதுகொண்டே வாசலில் ஏறும்போது, அத்தனை பேர் முன்னாலும் இவள் பம்ப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"இதை எதுக்கு அண்ணி ஒளிச்சு வெச்சுட்டுப் போனீங்க?"

கூடத்தில் இருந்தவர்கள் அண்ணி பக்கம் திரும்பினார்கள். அண்ணி வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. அதையே இவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். காரியங்கள் முடிந்ததும் அண்ணி போனவள்தான், அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்கவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அண்ணி நகரத்தின் இன்னொரு கோடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள் என்று இவளுக்குத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் விடுகிற ஆளா? பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். அண்ணி யாருக்காவது ஃப்ரேம் மாட்டிவிட்டுக்கொண்டிருப்பாள். மறுபடி கல்யாணம் செய்துகொண்ட மாதிரி தெரியவில்லை. மனசாட்சி உறுத்துகிறது போல என்று இவளே ஒரு தீர்ப்பையும் எழுதி வைத்திருந்தாள். ஒரே ஒரு சிக்கல்தான் அவளை அரித்தது. அண்ணன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தான் என்றால், மூச்சு முட்டும்போது எழுந்து தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்திருக்கலாமே? ஏன் வரவில்லை? யாராவது ஏதாவது கொடுத்து மயக்கிவிட்டார்களா? அண்ணி போட்டுக் கொடுத்த காலைக் காப்பியில்? கோட்டைகளிலும் கப்பல்களிலும் அவள் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அந்த முறை மப்ளர்காரர் எடுத்துக் கொடுத்தது ஒரு தடியான நாவல். தீவு ஒன்றில் உப்பளங்களை ஆண்ட சீமான், தன் கணக்கறையில் கத்திக்குத்துப்பட்டுக் கிடக்கிறார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. விசாரிக்க வருகிறவள் அரண்மனையில் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவச்சி. அவள் கத்தியைப் பார்க்கவில்லை, ரத்தத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறாள். கதவு தாழிட்டிருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? சமையற்காரன், தோட்டக்காரன் சொன்னான் என்கிறான். தோட்டக்காரன், காவற்காரன் சொன்னான் என்கிறான். காவற்காரன், சின்ன எசமான் சொன்னார் என்கிறான். சின்ன எசமானிடம் வந்து நின்றதும் மருத்துவச்சி அதற்குமேல் கேட்கவில்லை. கதவு தாழிட்டிருக்கவே இல்லை. தாழிட்டிருந்தது என்று ஒருவன் சொன்னான், அதை ஊரே சொல்லிற்று, அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில், எக்ஸ்ரே அறையின் மூலையில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டு எப்போதும் போலத் திரும்பப் படிக்கவில்லை. டிபன் டப்பாவை மூடினாள். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். ஒரு பெரியவருக்கு நெஞ்சுப் படம் எடுக்கவேண்டியிருந்தது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். படம் எடுத்து முடிந்தும் "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டாள். பெரியவர் கண் பிதுங்கி நின்றார்.

அண்ணன் அறை தாழ்ப்பாள் போட்டிருந்தது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? எதிர்வீட்டு அம்மா. அந்த அம்மாவுக்கு? தெருக்கோடி டெய்லர். டெய்லருக்கு?

வீட்டில் அன்றைக்கு அப்பாவைத் தவிர வேறு யாரும் இல்லை.

முதலில் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. பெற்ற அப்பனையே சந்தேகப்படுகிற அளவுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று. ஆனால் சந்தேகம் ஒருமுறை வாசலுக்குள் கால் வைத்துவிட்டால் உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்காமல் விடாது. அப்பாவைப் பற்றி வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் யோசிக்காத விஷயங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அண்ணன் போன வாரமே அப்பா தன் கட்டிலை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் கதவை அவர் சாத்தி அவள் பார்த்ததே இல்லை. ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்து எப்போதும் திறந்தே வைத்திருப்பார். அப்புறம் அந்த இழைப்புளி. மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் வீட்டில் உள்ள கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, விளிம்பை இழைத்து, மறுபடி மாட்டுவார். குளியலறைக் கதவு, சமையலறைக் கதவு, எதையும் விடமாட்டார். "மேஸ்திரிக்குப் பொழுது போகல" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

மறுநாள் காலை அப்பா பால் வாங்கப் போனதும், அந்த அறைக்குள் போனாள். செங்கல்லைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் பித்தளை. அது போய் விழுகிற வளையம் நிலையில் திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. உள்ளே தாழ் போட்டிருந்த கதவை இடித்துத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பாடமாகத் தெரியும். வளையம் பிய்த்துக்கொண்டு வரும். நிலையின் மரம் செதிலாகப் பிளக்கும். அதற்கப்புறம் புது வளையமோ, புது மரத்துண்டோ, மக்குப் பசை வைத்துப் பூசிய தழும்போ இருக்க வேண்டும்.

ஒன்றும் இல்லை. அம்மா உயிரோடு இருந்தபோது அடித்த பச்சைப் பெயின்ட் திருகாணிகளின் தலைமேல் அப்படியே படிந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. இத்தனை வருஷமாக இந்த அறையை அவள்தான் பெருக்குகிறாள். தினமும் இதைத் தாண்டித்தான் துடைப்பம் போயிருக்கிறது.

பால் செம்போடு அப்பா வந்து நின்றார். சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்தவர் உள்ளே அவளைப் பார்த்ததும் செங்கல்லைக் காலால் நகர்த்தி அண்டக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க அவள் அவரைக் கவனித்தாள். அவர் சாப்பிடுவதைக் கவனித்தாள், பேப்பர் படிப்பதைக் கவனித்தாள். அவள் கவனிக்கிறாள் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. "என்னம்மா, புதுசா பாக்கற மாதிரி பாக்கற?" என்று ஒருமுறை கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்து நொறுக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சமையலறைக் கதவைக் கழற்றி இரண்டு ஸ்டூல்மேல் குறுக்கே போட்டு இழைத்துக்கொண்டிருந்தார். மரச்சுருள் காலடியில் குவிந்தது. அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அண்ணன் ரூம் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்துச்சுன்னு யார் சொன்னாங்க?"

இழைப்புளி நின்றது. பிறகு மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தது. "எல்லாருந்தான் சொன்னாங்க."

"எல்லாருக்கும் யார் சொன்னாங்க?"

அவர் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"அந்த வளையம் உடையவே இல்லப்பா. திருகாணி மேல அம்மா காலத்துப் பெயின்ட் அப்படியே இருக்கு."

"பாத்துட்டியா" என்றார். ஏதோ தொலைத்த பொருளை அவள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டதுபோல இருந்தது அவர் சொன்ன விதம். இழைப்புளியைக் கதவின்மேல் வைத்துவிட்டு, மரச்சுருள்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தட்டற சத்தம் கேட்டுச்சும்மா. காலையிலேருந்தே அவன் கோவத்துல கதவை அறைஞ்சுக்கிட்டுத்தான் இருந்தான். அதுவும் அப்படித்தான்னு நினைச்சேன். போய் கையால ஒரு தள்ளு தள்ளினேன். வரல. தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு என்னடா ஆர்ப்பாட்டம், பொண்டாட்டி மேல இருக்கற கோவத்தைக் கதவு மேல காட்டாதடான்னு கத்தினேன். கத்திட்டு, குடையை எடுத்துக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

"திரும்பி வந்தப்போ?"

"சத்தம் இல்ல. மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. தோளால ஒரு இடி இடிச்சேன். ஒரே இடி. திறந்துக்கிச்சு. மழை ஈரத்துல மரம் உப்பி நிலையில சிக்கியிருக்கு, அவ்வளவுதான். உள்ளேருந்து இழுக்க அவனுக்குத் தெம்பு இல்ல. சுவரோரமா உக்காந்திருந்தான்."

"அப்புறம் எதுக்குத் தாழ்ப்பாள்னு சொன்னீங்க?"

"சொல்லணும்னு யோசிச்சுச் சொல்லல. முதல்ல ஓடி வந்த டெய்லர், வீட்டுலதானே இருந்தீங்க, உடனே உள்ளே போகலையான்னு கேட்டான். தாழ்ப்பாள்னு வாயில வந்துருச்சு. அதை எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. நானும் பிடிச்சுக்கிட்டேன்."

"நான் அண்ணியைப் பாத்து அத்தனை பேர் முன்னாடி கேட்டேனே. அப்ப நீங்க அங்கதானே நின்னீங்க?"

அப்பா தலை குனிந்துகொண்டார். "நின்னேன்" என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. நாவலில் இந்த இடம் வரும்போது ஒரு நிம்மதி வரும். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்ததுபோல இருக்கும். அப்படி எதுவும் வரவில்லை. இவர் இப்போது சொல்வதாவது முழுசா என்றுதான் தோன்றிற்று. டீ குடிக்கப் போனவர் எவ்வளவு நேரம் இருந்தார்? சத்தம் எப்படிப்பட்ட சத்தம்? ஒவ்வொன்றாக வாய்வரை வந்தது. அவர் உட்கார்ந்திருந்த நிலையைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் சோறு, குழம்பு, கரண்ட் பில் தவிர வேறு பேச்சு இல்லை.

கண்ணாடிக் கடைக்குப் போக அவளுக்கு மனசு வர நாள் பிடித்தது. பஸ்ஸில் போவாள், கடை வரும், இறங்காமல் அடுத்த நிறுத்தம்வரை போய்த் திரும்புவாள். ஒரு மத்தியானம் கூட்டம் நெருக்கித் தள்ளிவிட்டதில் சரியாகக் கடை வாசலிலேயே இறங்கவேண்டியதாயிற்று.

உள்ளே சுவர் முழுக்கக் கண்ணாடிகள். அண்ணி கல்லாவுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு ஃப்ரேமின் காலை வளைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"பவர் சீட்டு இருக்கா?"

"அண்ணி, நான்..."

"தெரியுது. உக்காரு."

வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அப்பா சொன்னதை அப்படியே சொன்னாள். நடுவில் ஒருவர் வந்து லென்ஸ் துடைக்கும் துணி கேட்டார். அண்ணி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முழுதும் கேட்டுவிட்டுக் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவர் கதவைத் திறக்கப் பாத்திருக்கார்" என்றாள் மெதுவாக. "என்னோட போட்ட சண்டையில வேணும்னே உள்ளே பூட்டிக்கிட்டு, சாகட்டும்னு உக்காந்துட்டார்னு நினைச்சேன். இத்தனை வருஷமும்."

"நான் உங்களைக் கேட்டது தப்பு அண்ணி. எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

அண்ணி வளைத்துக்கொண்டிருந்த ஃப்ரேமை ஓரமாக நகர்த்தினாள். "நீ என்னைச் சந்தேகப்பட்டே. நான் யாரைச் சந்தேகப்பட்டேன் தெரியுமா?" என்றாள்.

"யாரை?"

"உன்னைத்தான்."

எக்ஸ்ரே அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னையா?"

"நான் கிளம்பினப்போ பம்ப் கட்டில் தலைமாட்டுல இருந்துச்சு. இல்லன்னா இருந்த மாதிரி எனக்கு ஞாபகம். எனக்கப்புறம் வீட்டுல இருந்தது நீ. நீ அவரோட பேனாவையும் வாட்சையும் ஒளிச்சு வெச்சு வேடிக்கை பாக்கறவ. எத்தனை தடவை பாத்திருக்கேன். அன்னிக்கு நீ பம்ப்பைத் தூக்கிக் காட்டினதும், இவளே வெச்சுட்டு இவளே எடுத்துக் காட்டறாளேன்னுதான் நினைச்சேன். அதான் பேச்சு வரல."

"நான் வெக்கல அண்ணி."

சொல்லிவிட்டாளே தவிர, சொன்ன வேகத்தில் உள்ளே ஏதோ தடுக்கிற்று. அன்று காலை பரீட்சைப் பதற்றம். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சிரிக்க வைக்க எதையாவது எடுத்தாளா? அறைக்குள் போனது ஞாபகம் இருக்கிறது. பேனா கேட்டுப் போனாள். வெளியே வரும்போது கையில் பேனா மட்டும்தான் இருந்ததா? எத்தனை பேருடைய எலும்பை ஊடுருவிப் பார்த்தவள், தன் கைக்குள் அன்று என்ன இருந்தது என்று பார்க்க முடியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வெச்சேனான்னு... எனக்குத் தெரியல" என்றாள்.

அண்ணி அவளையே பார்த்தாள். பார்வை முதல் தடவையாகக் கொஞ்சம் தணிந்தது. "எனக்கும் தெரியல. காப்பி போடும்போது அவரே கொண்டுவந்து வெச்சிருக்கலாம். கோவத்துல நான்கூட எடுத்துப் போட்டிருக்கலாம். யோசிச்சு யோசிச்சு இப்ப எது நடந்தது, எது நானா நினைச்சதுன்னே பிரிக்க முடியல." எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றை அவள் முன்னால் வைத்தாள்.

"உங்கப்பா எப்படி இருக்கார்?"

"இருக்கார்."

"நான் வந்து பாக்கமாட்டேன். சொல்லிடு."

"சரி அண்ணி."

அதற்கப்புறமும் அவள் அந்தக் கடைக்குப் போனாள். பேச என்ன இருக்கிறது என்று கிடையாது. சில நாள் கூட்டம் இருந்தால் வாசலிலிருந்தே கையைக் காட்டிவிட்டுப் போவாள். சில நாள் பக்கத்து டீக்கடைக்கு இரண்டு பேரும் போவார்கள். அண்ணனைப் பற்றிப் பேசினால் அவன் குறட்டையைப் பற்றி, அவன் போட்டுக்கொண்ட மஞ்சள் சட்டையைப் பற்றிப் பேசுவார்கள். அன்றைய தினத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணி சர்க்கரை போதாது என்பாள். இவள், டீக்கடைக்காரர் வேண்டுமென்றே குறைக்கிறார் என்பாள்.

வீட்டில் அப்பா மெலிந்துகொண்டு வந்தார். ஒருநாள் அவர் கண்ணாடியின் காது மாட்டுகிற கால் கழன்று விழுந்துவிட்டது. நூலால் கட்டிக்கொண்டு பேப்பரை மூக்கருகே வைத்துப் படித்தார். அவள் பார்த்துப் பொறுக்காமல் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எந்தக் கடைக்கு என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மேஜைமேல் வைத்ததும் அண்ணிக்கு யாருடையது என்று தெரிந்துவிட்டது. நூலை அவிழ்த்தாள். சின்னத் திருகாணி ஒன்றைத் தேடி எடுத்து முடுக்கினாள். லென்ஸை ஊதித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு காலமா இதையே போட்டிருக்கார்? கீறல் விழுந்து பாதி மறைச்சுடுச்சு. இந்தப் பவரும் இனிமே போதாது." கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்து மூடினாள். மூடிய பிறகும் அதன்மேல் கையை எடுக்கவில்லை. "வியாழக்கிழமை கூட்டம் இருக்காது. கூட்டிட்டு வா."

அப்பாவிடம் சொன்னபோது அவர் எழுந்து போய்ச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வியாழக்கிழமை போனது எந்தச் சட்டையோடு என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கடையில் யாரும் இல்லை. "வாங்க மாமா" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, கனமான சோதனைக் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டினாள். ஒரு பக்கத்தை மூடினாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகைக்கு விளக்கு எரிந்தது.

அப்பா முதல் வரியைப் படித்தார். இரண்டாவதையும் படித்தார். மூன்றாவது வரியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏதோ ஒரு எழுத்தைச் சொன்னார். தப்பு. இன்னொன்று சொன்னார். அதுவும் தப்பு.

அண்ணி லென்ஸை மாற்றக் கை நீட்டியவள் அப்படியே நிறுத்தினாள்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க மாமா. நீங்களா எதையும் சொல்லாதீங்க."

சோதனைக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் கலங்கிற்று. "தெரியலம்மா" என்றார்.

"சரி" என்று சொல்லி அண்ணி அடுத்த லென்ஸை எடுத்தாள்.